கறுவாவுக்காக மெலிந்தேன்

மெலிந்த பிறகு எனக்கு ஒருவரையும் பிடிப்பதில்லை. முன்பும் பலரைப் பிடிக்காதுதான். ஆனால் அப்போது வாயில் எப்போதும் ஏதாவது இருந்ததால் சொல்ல வசதிப்படவில்லை.

பண்டாரவளையில் எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பெண்கள் முகத்தைப் பார்க்கும் முன்பு என் இடுப்பைப் பார்க்கிறார்கள். "மாஷா அல்லாஹ், ஷாகிரா, பாதியாப் போயிட்டீங்களே!" என்கிறார்கள். முன்பு வாங்குப் பலகையில் ஒரு விரற்கடை நகர்ந்து இடம் தராதவள் இப்போது கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் இருத்துகிறாள். "இப்பதான் ஜஸீலுக்குப் பக்கத்துல நிக்கப் பொருத்தமா இருக்கு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். ஜஸீல் என் கணவர். டவுனில் புடவைக்கடை வைத்திருக்கிறார். கல்லாவிலிருந்து அவர் எழுந்து வருவதற்கு முன்பே அவருடைய வயிறு வந்துவிடும். அவரை யாரும் ஒபரேஷன் செய்யச் சொன்னதில்லை.

நான் அவருக்காக மெலியவில்லை. கட்டாரில் இருக்கும் மகனுக்காகவும் இல்லை, சீனி வியாதி வந்துவிடும் என்ற பயத்தாலும் இல்லை. நான் ஒரு குதிரைக்காக மெலிந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அவள் பெயர் கறுவா. கறுவாப்பட்டையின் நிறம், அதனால் அந்தப் பெயர். பூனாகலைக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக்கி, வருகிறவர்கள் சவாரி போக நாலைந்து குதிரைகளும் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் வாப்பா எனக்குச் சவாரி பழக்கியிருந்தார். கலியாணத்தோடு அது நின்றது. மகன் கட்டாருக்குப் போன வருடம், வீட்டில் ஒருவரையும் கேட்காமல், அந்த ஹோட்டலில் பிறந்த குட்டியை என் பெயரில் வாங்கினேன். அவள் வளர்ந்து முதுகில் சேணம் ஏறியதும் கொஞ்சக் காலம் ஓட்டினேன். அந்த நாட்களில் நான் நல்லவளாகக்கூட இருந்தேன் என்று நினைக்கிறேன்.

பிறகு நான் பருத்தேன். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே பருத்தேன். அங்கே குதிரைகளுக்குப் பொறுப்பு விஜயலெட்சுமி. தோட்டத்தில் பிறந்தவள், ஹோட்டல் முதலாளியே அவளிடம் கேட்டுத்தான் லாயத்துக்குள் கால் வைப்பார். ஒரு நாள் கொழும்பிலிருந்து வந்த குடும்பம் ஒன்று புல்வெளியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் என் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"நோனா, எறங்குங்க. முதுகு புண்ணாயிருக்கு. இது குதிரைங்க, லொறி இல்ல."

கொழும்புப் பெண்கள் கோப்பைக்குள் சிரித்தார்கள். ஸ்டூல் வைத்துத்தான் என்னால் இறங்க முடிந்தது. சேணத்தைக் கழற்றிக் கறுவாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். புண் இருந்தது. விஜயலெட்சுமி சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவளை அவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

பட்டினி கிடந்தேன், நடந்தேன், வெந்தயம் தின்றேன். போனது போலப் போய்விட்டு, போன கிலோக்கள் சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. கடைசியில் கொழும்புக்குப் போய் ஒபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையை ஒரு முட்டையளவுக்குச் சுருக்கி, குடலை மேலே இழுத்து அதோடு தைத்துவிட்டார்கள்.

அதை முதலில் எதிர்த்தவர் ஜெனீரா மதினி. ஜஸீலின் ராத்தா, அவருக்கு மூத்த அக்கா. கணவர் மவுத்தாகி விதவையான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். எங்கள் வீட்டில் அடுப்பு அவர் சொன்னால்தான் எரியும், அவர் சொன்னால்தான் அணையும். பகலில் ஜஸீல் கடையை விட்டு வரமாட்டார். நானும் மதினியும் ஒரே சஹனில் சோறு போட்டு, இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இருந்து சாப்பிடுவோம். கந்தூரிகளில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டு அது. நாங்கள் இரண்டு பேரும் அதில் மிச்சம் வைத்ததில்லை. என்னை அந்த எடைக்குக் கொண்டுபோன சோறு அதுதான். அதை நான் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன்.

"அல்லாஹ் தந்த உடம்ப வெட்டி எடுக்கப் போறியா?" என்று கத்தியவர், கொழும்பு ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையிலேயே படுத்தார். டொக்டர் சொன்னதை என்னைவிடக் கவனமாகக் கேட்டார். இனிப்பு, அதுவும் கரைத்த இனிப்பு, இனி நேரே குடலில் இறங்கும், நெஞ்சு படபடக்கும், வேர்க்கும், ஆள் சரிந்துவிடும் என்று டொக்டர் சொன்னார். உறவுக்காரப் பையன் அர்ஷாதின் கலியாணத்தில் யாரோ ஒருத்தி வற்புறுத்தி ஒரு கரண்டி வட்டிலப்பத்தை என் வாயில் வைத்தபோது அப்படியே ஆயிற்று. மதினிதான் என்னை உள்ளறைக்கு இழுத்துப்போய்க் கிடத்தி விசிறினார். "இனிப்பு இவக்கு நஞ்சி!" என்று வாசலில் நின்று எல்லாருக்கும் சத்தம் போட்டார்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாள் முதல் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். நான் தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் சின்னப் பீரிசில் ரெண்டு கரண்டி மீனும் பருப்பும் வைத்துத் தின்றேன். அவர் பகலுக்கு அதே சஹனையே எடுத்தார். முழுத் தட்டுக்கும் சோறு போடுவார். தன் பக்கத்தைச் சாப்பிட்டுவிட்டு, என் பக்கத்துச் சோற்றை அப்படியே என் முன்னால் விட்டுவிட்டு எழுந்து போவார். ஒவ்வொரு நாளும் அதைச் செய்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எடை இறங்கியதும் நான் பூனாகலைக்குப் போகத் தொடங்கினேன். விஜயலெட்சுமி என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். நன்றாக இருக்கிறீர்கள் என்று சொல்லாத ஒரே ஆள் அவள்தான்.

"கொழுப்போட சதையும் போயிருச்சே நோனா. கால்ல ஒண்ணுமே இல்ல. எத வச்சுக் குதிரையப் பிடிப்பீங்க?"

அவள் என்னைத் தாக்கத்தான் சொன்னாள், ஆனால் உண்மை அதுதான். முன்பு சேணத்தில் மெத்தை போல இருந்தது என் சொந்த உடம்பு. இப்போது எலும்பு நேரே தோலில் குத்தியது. அங்கவடியில் எழும்பி நின்றால் தொடை நடுங்கியது. இல்லாத வயிற்றுக்காக நான் பழைய பழக்கத்தில் பின்னுக்குச் சாய, கறுவா நிறுத்தச் சொல்கிறேன் என்று நினைத்து நின்றுவிடுவாள். இரண்டு முறை கீழே விழுந்தேன். "தேயிலச் செடி மேல விழாதீங்க, தோட்டத் தொர ஏசுவாரு" என்பதுதான் விஜயலெட்சுமி காட்டிய இரக்கம். விழுந்ததை வீட்டில் சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உடம்பு எனக்குப் பிடிபட்டது. ஒரு காலை கறுவா என் கீழே லேசாக ஓடியபோது, அவளுக்கு வலிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் வாய்விட்டு அழுதேன். நல்லவேளை விஜயலெட்சுமி அந்தப் பக்கம் இருக்கவில்லை.

அப்போதுதான் ஹோட்டலை விற்கிறார்கள் என்று செய்தி வந்தது. குதிரைகளை விஜயலெட்சுமியே எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போகிறாளாம். ஏரிக்கரையில் விடுமுறைக் கூட்டத்தை ஏற்றிச் சுற்றுகிற வேலை. "கறுவாவையும் தாங்க நோனா. நீங்க வச்சு என்ன செய்யப் போறீங்க? கடைக்கு மேல மாடியில கட்டுவீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு என் குதிரை மேல் கண். காலை முதல் மாலை வரை ஐஸ்கிரீம் கையோடு முதுகில் ஏறுகிறவர்களைக் கறுவா சுமப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது, இருந்த கொஞ்ச வயிறும்.

குதிரை என் பெயரில், நிலம் ஜஸீலின் பெயரில். எட்டம்பிட்டியவில் அவருக்கு ஒரு பழைய வீடும் பின்னால் புல் மண்டிய காணியும் சும்மா கிடந்தன. கேட்டேன். சாப்பாட்டு மேசையில், மதினியும் இருக்கத்தான் கேட்டேன்.

"இந்த வயசுல ஆம்பிள மாதிரிக் கால விரிச்சிட்டுக் குதிரையில போறதா?" என்றார் மதினி. "ஊர் என்ன கதைக்கும்?"

"ஊர் என் இடுப்பப் பத்திக் கதைச்சு முடியட்டும் முதல்ல" என்றேன்.

ஜஸீல் வழக்கம்போல் இரண்டு பக்கமும் பார்த்தார். வியாபாரி அல்லவா, யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். "சரி. ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரும் வந்து பார்க்கிறோம். எங்கட கண்ணுக்கு முன்னால ஒரு சுத்துப் போய்ட்டு வாங்க. ஒண்டும் ஆகல்லண்டா குதிர எட்டம்பிட்டியக்கு வரட்டும். விழுந்தாலோ மயங்கினாலோ அந்தப் பொம்பளையோட நுவரெலியாவுக்குப் போகட்டும். பொறகு இந்தக் கதையே எடுக்கப்படாது."

ஒத்துக்கொண்டேன். வேறு வழி இருக்கவில்லை.

ஞாயிறு காலை ஓர் அவித்த முட்டை தின்றேன். வழியெல்லாம் தண்ணீரை மிடறு மிடறாகக் குடித்தேன். மதினி வேனின் பின் சீற்றில் ஒரு பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய எதையோ ஓதியபடி வந்தார். தன் பிளேன்டீயாக இருக்கும் என்று நினைத்தேன்.

விஜயலெட்சுமி கறுவாவைச் சேணம் கட்டித் தயாராக நிறுத்தியிருந்தாள். ஜஸீலின் நிபந்தனை அவள் காதுக்கும் எட்டியிருந்தது. லாய வாசலிலிருந்து தேயிலைக்கு நடுவே போகும் மண் பாதை, எதிர் மலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் முடிகிறது. மடுவம் வரை போய்த் திரும்பி வரவேண்டும். ஒரு வளைவைத் தவிர முழுப் பாதையும் வாசலிலிருந்தே தெரியும். மெதுவாக நடத்திக்கொண்டு போனால் போதும் என்றார் ஜஸீல். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அங்கவடியில் கால் வைக்கப் போனபோது மதினி முன்னால் வந்தார்.

"கொஞ்சம் நில்லு புள்ள. ஓதின தண்ணி. சுபஹுக்குப் பொறகு மௌலவிக்கிட்ட ஆளனுப்பி ஓதுவிச்சு எடுத்தது. குடிச்சிட்டு ஏறு, ஒரு முசீபத்தும் வராது."

பிளாஸ்கின் மூடியில் ஊற்றி நீட்டினார். வெந்நீர். ஆவியோடு தேன் மணம் வந்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பார்வையை எடுக்கவில்லை.

"இதுல தேன் இருக்கு" என்றேன்.

"ஓம். தேன்ல நோய்க்கு ஷிபா இருக்கெண்டு குர்ஆன்லயே இருக்கே."

ஜஸீல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "ஒரு வாய்தானே, குடிங்களேன். ராத்தா விடிய எழும்பி ஓதுவிச்சுக் கொண்டு வந்திருக்காங்க" என்றார். வட்டிலப்பம் தின்று நான் விழுந்ததை அவரும் அறிவார். ஆனால் அவருக்கு அது பெண்கள் பக்கத்து விஷயம்.

ஓதின தண்ணீரை எங்களில் யாரும் மறுப்பதில்லை. மிச்சம் வைப்பதில்லை, கால் படுகிற மண்ணில் கொட்டுவதுமில்லை. மறுத்தால் தண்ணீரை அல்ல, ஓதின வசனத்தை மறுத்தவளாவேன். அந்த இடத்திலேயே ஜஸீல் வேனைத் திருப்பியிருப்பார். மதினி எல்லாவற்றையும் யோசித்துத்தான் வந்திருந்தார். வெறும் சீனித் தண்ணீரைத் தந்திருந்தால் முகத்தில் ஊற்றியிருப்பேன்.

பிஸ்மில்லாஹ் சொல்லி மூன்று மிடறில் குடித்து முடித்தேன். மூடியை அவர் கையில் திணித்துவிட்டு ஏறினேன்.

இனிப்பு வேலையைத் தொடங்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். கால் மணி நேரம் இருக்கலாம், குறையவும் செய்யலாம். நடந்து போனால் திரும்பி வரும் வழியில், அவர்கள் கண்முன்னால்தான் விழுவேன். குதிகாலால் கறுவாவை அழுத்தினேன். ஜஸீல் பின்னால் ஏதோ கத்தினார். கறுவா காதைப் பின்னுக்கு மடித்து, என்னை நம்பலாமா என்று ஒரு நொடி யோசித்து, பிறகு ஓடினாள்.

அதைப் போல நான் என்றுமே ஓட்டியதில்லை. பயந்துகொண்டுதான் ஓட்டினேன், பொய் சொல்லமாட்டேன். மடுவத்தைச் சுற்றித் திருப்பும்வரை எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போது நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வேர்வை கண்ணில் வழிந்தது. தேயிலைச் செடிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தன. வாசலிலிருந்து தெரியாத அந்த ஒரு வளைவு வந்ததும் கறுவாவின் கழுத்தில் அப்படியே படுத்துவிட்டேன். பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு, "விழமாட்டேன், விழமாட்டேன், அந்தக் கிழவிக்கு முன்னால விழமாட்டேன்" என்று அவள் காதில் சொன்னேன். அவள் தானாக நடைக்கு வந்தாள். வளைவு முடிவதற்கு முன்பு பல்லைக் கடித்து நிமிர்ந்தேன்.

வாசலில் ஜஸீல் கைதட்டினார். "அடடா, சினிமாவில மாதிரி!" என்றார். நான் இறங்கினேன், யாருடைய கையையும் பிடிக்காமல். கடிவாளத்தை விஜயலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு, கை கழுவப் போகிறவள் போல லாயத்தின் பின்புறம் போனேன். சுவருக்குப் பின்னால் போனதும் கால்கள் மடிந்தன. வைக்கோலில் வாந்தியெடுத்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை.

கண் திறந்தபோது மதினி பக்கத்தில் குந்தியிருந்தார். என் காலைத் தூக்கி ஒரு வாளியின் மேல் வைத்திருந்தார், முந்தானையால் என் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் துடைத்த அதே துடைப்பு.

"தெரிஞ்சிக்கிட்டேதானே ஊத்தினீங்க?" என்றேன்.

"ஓம். தெரிஞ்சிதான்." துடைப்பதை நிறுத்தவில்லை. "அந்தக் குதிர எட்டம்பிட்டியக்குப் போனா நீயும் அங்கதான் கெடப்பாய். வீட்டுல ஒருத்தரும் இல்ல. ஒபரேஷன் செஞ்ச நாள்ல இருந்து நான் தனியச் சாப்பிடுறன். ஒரு நாளாவது கேட்டியா?"

"அதுக்காக என்னக் குதிரையில இருந்து விழுத்துவீங்களா? கழுத்து முறிஞ்சிருந்தா?"

"மெதுவா நடந்துதானே போவாய் எண்டு நெனச்சேன். இப்படிப் பறப்பாய் எண்டு யாருக்குத் தெரியும்?"

அவர் குரலில் வருத்தம் இருந்தது என்று சொல்லமாட்டேன். கோபம்தான் இருந்தது. எனக்கும் கோபம்தான். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

அப்போது முன்புறத்திலிருந்து விஜயலெட்சுமியின் குரல் கேட்டது. வேண்டுமென்றே உரத்துச் சொன்னாள். "மொதலாளி, நோனாவுக்கு மயக்கம் போல இருக்குங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருந்திச்சு. போயிப் பாருங்க."

ஜஸீலின் சப்பாத்துச் சத்தம் நெருங்கி வந்தது. மதினி ஒரு வார்த்தை சொன்னால் கறுவா போய்விடுவாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் மதினி இனி அந்த வீட்டில் தலைநிமிர்ந்து இருக்க முடியாது. ஓதின தண்ணீரை ஆளைச் சாய்க்கப் பாவித்தவர் என்று தெரிந்தால் தம்பியே அவர் முகத்தில் விழிக்கமாட்டார். நான் சுவரைப் பிடித்து எழும்பி உட்கார்ந்தேன்.

"மதினி, நீங்க ஒண்டும் பார்க்கல்ல. நானும் நீங்க சொன்னதொண்டையும் கேட்கல்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு காலால் வைக்கோலை வாந்தியின் மேல் தள்ளினார். என் வலது சப்பாத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினார். அப்போது ஜஸீல் வந்துவிட்டார்.

"என்ன? மயக்கமெண்டு அந்தப் பொம்பள சொல்லுது?"

"அவ என்ன டொக்டரா?" என்றார் மதினி. "சப்பாத்துக் கடிச்சிட்டு. கழட்டிட்டு உக்காந்திருக்கா. நீ போய்க் குதிரைக்கு வாகனம் பேசு, தம்பி."

ஜஸீல் நம்பினார். ராத்தா சொன்னால் அவர் எதையும் நம்புவார். நாங்கள் முன்புறம் வந்ததும் விஜயலெட்சுமி கறுவாவின் சேணத்தைக் கழற்றத் தொடங்கினாள், வாரை அவிழ்த்த வேகத்திலேயே அவளுடைய எரிச்சல் தெரிந்தது.

நான் மதினியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்கவில்லை. என்னைக் கொல்லப் பார்த்தவரே என் குதிரையை எனக்கு வாங்கித் தந்தவராகவும் ஆகிவிட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனி ஒவ்வொரு பெருநாளுக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார். வாயால் சொல்லாவிட்டாலும் பார்வையால் சொல்வார்.

வேன் பண்டாரவளைப் பாதைக்கு இறங்கியது. பிறகு பின் சீற்றிலிருந்து மதினி கேட்டார், என்னிடம் அல்ல, தம்பியிடம்.

"எட்டம்பிட்டிய வீட்டுல குசினி, அடுப்பெல்லாம் நல்லா இருக்கா?"

நான் கண்ணாடியில் ஜஸீலைப் பார்த்துத் தலையாட்டினேன், சொல்லாதீங்க என்று. அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு, சந்தோஷமாகச் சொன்னார்.

"இருக்கு ராத்தா. நம்மட வீட்டுல உள்ளத விடப் பெரிசு."